பூட்டிய அலுமாரி, தொலைந்த புத்தகங்கள்: படுவான்கரைக் கிராமம் ஒன்றில் இரண்டு வருடம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் பக்கத்தைப் படுவான்கரை என்போம். சூரியன் படும் கரை. கடலோரப் பக்கம் எழுவான்கரை. ஆஸ்பத்திரி, வங்கி, பெரிய பாடசாலை, புத்தகக் கடை எல்லாம் நெடுங்காலமாக எழுவான்கரையில்தான். 2014இல் ஜப்பான் உதவியோடு மண்முனைப் பாலம் வரும்வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்க ‘பாதை’யைத்தான் நம்பியிருந்தோம். வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பேச்சில் பாதை என்றால் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி அக்கரையில் இறக்கும் மிதவை. பாலம் வந்த பிறகு நெல்லும் ஆட்களும் சுலபமாகப் போய் வந்தார்கள். அதே பாலத்தால் புத்தகமும் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மாவின் ஊர் அந்தப் பக்கம்தான். வயலும் மேட்டுநிலமும் கலந்த சின்னக் கிராமம். நான் வேலை செய்வது நகரத்தில், ஒரு நூலகத்தில். கிழமை முழுக்கப் புத்தகத்துக்கு நடுவே இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், பிள்ளைகள் மதகில் குந்தியிருந்து ஒரே ஃபோனை நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பல வருடம் அதைப் பார்த்தும் பேசாமல் திரும்பி வந்திருக்கிறேன். அந்த உறுத்தலும் இதை எழுத ஒரு காரணம். ஊர், பாடசாலை, ஆட்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. சின்ன ஊரில் ஒரு பெயரைச் சொன்னால் மற்ற எல்லாரையும் சொன்ன மாதிரி. இதில் வருகிற ஒருவர்கூடப் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைத்தவர் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் இருந்த அச்செழுத்து

2023 நடுப்பகுதியில் ஒரு ஞாயிறு. அறநெறி வகுப்பு முடிந்த கையோடு, தரம் 6 முதல் 9 வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் எழுத்து அச்சடித்த சாமான் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும்.

அடுத்த ஞாயிறு தாள்கள் வந்தன. சுவர்க் கலண்டர். பஞ்சாங்கம். கிளினிக் கொப்பி. பசளைப் பை. கோயில் திருவிழா நோட்டீஸ். கல்யாணக் காட். கடன் கம்பனியின் தவணை அட்டை. தேவாரப் புத்தகம். பிறகு பாடப்புத்தகங்கள். கதைப் புத்தகம் என்று ஒரு வரி இருந்த தாள்கள் அபூர்வம்.

இலங்கையில் 1980 முதல் பாடப்புத்தகம் இலவசம். இந்த மாதிரி வீடுகளுக்குள் நுழைந்த முதல் புத்தகம் பெரும்பாலும் அதுதான். அந்தத் திட்டத்தின் அருமை எனக்குத் தெரியும், நானும் அதில் படித்தவள்தான். ஆனால் பாடப்புத்தகம் வீட்டில் தங்காது. வருடம் முடிய, பாவிக்கக்கூடியதைத் திருப்பி வாங்கி அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். அதோடு, அதைத் திறந்தால் பிள்ளைக்குச் சோதினை ஞாபகம் வரும். வேறு எதுவும் வராது.

ஒரு தாளில் கடைசி வரி ‘பெத்தப்பாவின் நினைவு மலர்’ என்று இருந்தது. பெத்தப்பா என்றால் தாத்தா. எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் 31ஆம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்பார்கள். உள்ளே தேவாரம், இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, நன்றி நவிலல். எழுதியவள் தரம் 8 மாணவி. கொண்டுவரச் சொன்னேன். நீள்வட்டத்துக்குள் பெத்தப்பாவின் படம். பின் கம்பி துருப்பிடித்து, அதைச் சுற்றி மண்நிறத்தில் ஒரு வளையம். பக்கங்கள் புரட்டிப் புரட்டி, துவைத்த துணி மாதிரி மெத்தென்று இருந்தன.

“எத்தின தரம் வாசிச்ச மகள்?”

“தெரியா அக்கா. மூணாம் பக்கத்தில ஒரு அச்சுப் பிழை இரிக்கு. அத யாரும் பார்க்கல்ல.”

விரலை வைத்துக் காட்டினாள். சரிதான். ஓர் எழுத்து மாறியிருந்தது. அச்சகத்தில் பார்க்கவில்லை, வீட்டுப் பெரியவர்கள் பார்க்கவில்லை, வேறு வாசிக்க ஒன்றும் கிடைக்காத ஒரு பிள்ளை பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

கணக்குக்குப் பயந்த அலுமாரி

அந்தப் பாடசாலையில் நூலகம் இல்லை என்று சொல்ல முடியாது. அதிபரின் அறைக்கு வெளியே விறாந்தையில் ஒரு கண்ணாடி அலுமாரி, உள்ளே மூன்று தட்டு நிறையப் புத்தகம். பல காலமாக அரசாங்கமும் உதவி நிறுவனங்களும் கொடுத்தவை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக்கு வந்த உதவியில் ஒரு பங்கும் இங்கே வந்து சேர்ந்திருந்தது. சாவி அதிபரின் லாச்சிக்குள்.

ஒவ்வொரு ஒக்டோபரும் தேசிய வாசிப்பு மாதம். அந்த வருடமும் அலுமாரிக்கு முன்னால்தான் பேச்சுப்போட்டி நடந்தது. தலைப்பு, வாசிப்பின் அவசியம். நினைவு மலர் வாசித்த அதே பிள்ளைக்கு முதலாம் இடம். பரிசு ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அவள் ஆசையாகத்தான் வாங்கினாள். எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. போட்டி முடிந்ததும் பொறுப்பான டீச்சரிடம் போய், அலுமாரியை ஒருக்கால் திறந்து காட்டச் சொன்னேன்.

மறுக்காமல் திறந்தார். முதலில் வந்தது வாசம்: ஈரமும் பழைய பசையும் கலந்த வாசம். நடுத்தட்டில் ஒன்றை இழுத்தேன், பக்கத்துப் புத்தகத்தின் அட்டையும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. இராமபாணம் அரித்த துளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊசி கோத்த மாதிரி நேராகப் போயிருந்தது. தலைப்புப் பக்கத்தில் சிவப்பு மையில் இலக்கம். பின்னட்டை உள்பக்கத்தில் திகதிச் சீட்டு ஒட்டியிருந்தது. இரவல் கொடுக்கும்போது திகதி அடிப்பது அதில்தான். பத்துப் பன்னிரண்டு புத்தகங்களின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஒரு முத்திரைகூட இல்லை. வந்த நாள் தொட்டு அவை அலுமாரியை விட்டு இறங்கவேயில்லை.

டீச்சர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே சொன்னார். இதற்கு முன் இருந்த பாடசாலையிலும் நூலகம் அவர் பொறுப்புத்தான். அங்கே தாராளமாகக் கொடுத்தார். வருட முடிவில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து சாமான் கணக்கெடுத்தபோது சில புத்தகங்கள் குறைந்தன. விளக்கக் கடிதம், அதற்குப் பதில், மறுபடியும் கடிதம். கடைசியில் கைக்காசைக் கட்டினார்.

“நான் புள்ளைகள நம்பாம இல்ல. கணக்கெடுக்க வாறவங்களுக்கு நான் என்ன சொல்ற? கதை வாசிச்ச புள்ளையக் கொண்டு போய்க் காட்டவா ஏலும்?”

நூலகத்தில் வேலை செய்கிற எனக்கு அது நெஞ்சில் அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அவர் சொன்னது முழுக்க நியாயம். மேசை, கதிரை எண்ணுகிற அதே பதிவேட்டில்தான் புத்தகத்தையும் எண்ணுகிறார்கள். கதிரையைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு போகாது. புத்தகம் அப்படியா? கொண்டு போக வேண்டும், மழையில் நனையும், தம்பி கிழிப்பான், சிலவேளை தொலையும். தொலைந்தால் ஒரு தனி ஆள் சம்பளத்தில் கட்ட வேண்டும் என்று வைத்துவிட்டு, ஏன் பூட்டினாய் என்று அந்த ஆளைக் கேட்க முடியுமா?

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் 97,000 வரையான நூல்களோடு எரிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. அந்த நெருப்பைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்ததும் இதே மாதிரி ஒரு பாடசாலை விறாந்தையில்தான். ஆனால் கண்ணாடிக்குள் இருந்து மெல்ல மெல்ல மட்கிப்போகிற புத்தகத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கையெழுத்து

சரி, பாடசாலை போகட்டும், பிரதேச சபை நூலகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. நல்ல நூலகர், பத்திரிகை எல்லாம் ஒழுங்காக வரும். இலங்கையில் பொதுநூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள்தான். ஆனால் அந்த நூலகம் ஊரிலிருந்து சைக்கிளில் போனால் ஒரு மணித்தியாலம். பாடசாலை ஒன்றரைக்கு விடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ரியூசன் இல்லாத நாளாகப் பார்த்துக் கிளம்பினால், போய்ச் சேர மூன்றரை. அங்கே மூடும் நேரம் ஐந்து. திரும்பும்போது பொழுதுபட்டுவிடும். பொழுதுபட்டால் எங்கள் பக்கம் யானை இறங்கும். இதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கங்களில் யானை அடித்துச் செத்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. ஆறு மணிக்குப் பிறகு பிள்ளையை ரோட்டில் விட எந்தத் தாயும் சம்மதிக்கமாட்டாள், சம்மதிக்கவும் கூடாது.

அதையும் தாண்டிப் போனால் அங்கத்துவப் படிவம். பிணையாளர் கையெழுத்து வேண்டும். பிணை நிற்பவர் சபைக்குச் சோலைவரி, அதாவது வீட்டு வரி, கட்டுகிறவராகவோ அரச உத்தியோகத்தராகவோ இருக்க வேண்டும். நகரத்தில் இது ஒரு பெரிய விசயமே இல்லை. இந்த ஊரில் சோலைவரி கட்டுகிற வீடே கிடையாது, அரச உத்தியோகத்தர் என்றால் ஒருவர் இருவர். அவர்கள் எத்தனை பிள்ளைகளுக்குப் பிணை நிற்பார்கள்?

நகரத்து நூலகத்தில் இந்தப் படிவத்தை நானே எத்தனையோ தரம் “பிணையாளர் இல்லை” என்று திருப்பிக் கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கொண்டுபோன பிள்ளைகள் மறுபடி வந்தார்களா என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

நினைவு மலர் வாசித்த பிள்ளைக்காக ஒரு உத்தியோகத்தரைப் பிடித்து, வீட்டுப் பெரியவரின் சம்மதத்துக்கு அவளுடைய பெத்தாவிடம், அதாவது பாட்டியிடம், போனேன். தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை. பெத்தாதான் வளர்க்கிறார். முற்றத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. படிவத்தை நீட்டியதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கையெழுத்து வெச்சுப் பட்டது போதும் மகள். உன்ட மனசுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா கடுதாசில மட்டும் கேக்காத.”

“இது கடன் இல்ல பெத்தா. புத்தகம் எடுக்கிறதுக்கு.”

“புள்ள துலைச்சா? ஆரு கட்டுற?”

குழுக்கடனில் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிணை நின்று, அவள் கட்டாமல் போக, இவர் தன் காதுச் சோடியை விற்றுக் கட்டியவர். எங்கள் மாவட்டத்தில் நுண்கடன் எத்தனை பெண்களை உலுக்கியது என்று இங்கே வாழ்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படிவத்தில் ‘பிணை’ என்ற சொல்லைப் பார்த்த பிறகு அவர் எப்படிக் கையெழுத்து வைப்பார்?

அங்கேதான் எனக்கு விளங்கியது. டீச்சர் கேட்டதும் பெத்தா கேட்டதும் ஒரே கேள்வி. தொலைந்தால் யார் கட்டுவது? இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைக்கும்வரை எத்தனை பெட்டி புத்தகம் கொண்டுவந்து இறக்கினாலும் அது இன்னொரு அலுமாரிக்குள்தான் போகும்.

பிழைத்துப் போன முதல் முயற்சி

இந்தத் தெளிவு வருவதற்கு முன்பே ஒரு முயற்சி செய்து கெடுத்திருந்தோம், அதையும் சொல்ல வேண்டும். நானும் தெரிந்த நாலைந்து பேரும் சேர்ந்து நகரத்தில் புத்தகம் சேர்த்தோம். பெட்டி பெட்டியாக வந்தது. ஒரு பழைய வாசிகசாலைக் கட்டடத்தைத் துப்புரவாக்கி அடுக்கினோம். நாடா வெட்டி, படம் எடுத்தோம். முதல் கிழமை கூட்டம். மூன்றாம் கிழமை ஆளில்லை. பெட்டிகளில் இருந்தது என்ன? பழைய பாடத்திட்டத்துக் கடந்தகால வினாத்தாள்கள், கணக்கியல் நூல்கள், தடித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியங்கள், வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். தெரிந்தெடுக்காமல் வாங்கியது எங்கள் பிழை. அந்த மாரியில் கூரை ஒழுகி, கீழ்த்தட்டில் கறையானும் ஏறிவிட்டது. வாசிகசாலை மறுபடியும் பூட்டு.

வாங்கலாம் என்றாலும் காசு சும்மா வராது. பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பங்கு சென்னையிலிருந்து வருகிறது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சம் இருந்தது, அதே வருடம் மே மாதம் 360ஐ எட்டியது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் புத்தக விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒரு நல்ல படக்கதைப் புத்தகத்தின் விலையைப் பார்த்துவிட்டு, கூலிவேலை செய்கிற தகப்பன் அதைத் திரும்ப மேசையில் வைப்பதை நான் கடையில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தொலையட்டும்

எஸ். ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்தவர். 1931இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலம் புத்தகத்தைச் சங்கிலியால் கட்டி வைத்ததை அவர் எடுத்துச் சொல்வார். அதே 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போனது. (எங்கள் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளும் ரங்கநாதனைப் போல 1892இல் பிறந்தவர். 1931இல் அவர் சீர்காழிக்குக் கிட்டவுள்ள சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். நூலகப் படிப்பில் இதைக் கண்ட நாள் எனக்கு ஏனோ பெரிய சந்தோசம்.) முதலாம் விதியை நான் சோதினைக்காகப் பாடமாக்கியவள். அதன் அர்த்தம் பெத்தாவின் முற்றத்தில்தான் புரிந்தது.

2024 சித்திரைக்குப் பிறகு மறுபடி தொடங்கினோம். இந்த முறை கட்டடம் இல்லை, நாடா இல்லை. பாலர் பாடசாலையின் ஒரு மூலையில் நிலத்திலிருந்து ஒரு முழம் உயர்த்தி மூன்று பலகைத் தட்டு. கதவில்லை, பூட்டில்லை. பாலர் பாடசாலை டீச்சரின் வீடு பக்கத்து வளவு. பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை அவர் திறந்து விடுவார். ஞாயிறு அறநெறி முடிய நான் நிற்பேன். படிவம் இல்லை, பிணை இல்லை, தண்டப்பணம் இல்லை. ஒரு சீ.ஆர். கொப்பியில் பிள்ளை தானே தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். புத்தகம் எந்த அரச பதிவேட்டிலும் இல்லாதது. கொடுக்கிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம்: இது தொலையலாம், கிழியலாம், அதற்குச் சம்மதம் என்றால் தாருங்கள். சிலர் யோசித்துவிட்டுத் தரவில்லை. தந்தவர்கள் நல்ல புத்தகமாகத் தந்தார்கள்.

இரண்டு வழியில் புத்தகம் சேர்ந்தது. ஒன்று, எங்கள் மாவட்டத்து எழுத்தாளர்கள். இங்கே பலரும் சொந்தக் காசில் சில நூறு பிரதி அடித்து, வெளியீட்டு விழாவில் கொடுத்தது போக மிச்சத்தைக் கட்டாகக் கட்டி வீட்டில் வைத்திருப்பார்கள். போய்க் கேட்டால் கட்டோடு தந்தார்கள், சிலர் கண் கலங்கித் தந்தார்கள். மற்றது, பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர். அதில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கும், அச்செடுத்துப் பாவிக்க அனுமதியும் உண்டு. நகரத்தில் அச்செடுத்து, மடித்து, பெரிய பிள்ளைகளைக் கொண்டே பின் அடித்தோம். அவற்றில் வருவது இந்தியத் தமிழ். நாற்காலி, ஜன்னல் என்று வரும் இடத்தில் சின்னவர்கள் பென்சிலால் கதிரை, யன்னல் என்று மேலே எழுதி வைத்திருந்தார்கள். நான் அழிக்கவில்லை.

உள்ளூர்ச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை எடுத்துப் போன நினைவு மலர்ப் பிள்ளை, மறுநாள் பின்னேரமே எனக்கு ஃபோன் எடுத்தாள், பாலர் பாடசாலை டீச்சரின் ஃபோனில். “அக்கா, இதில ‘மனே’ எண்டு எழுதியிரிக்கு! நம்மட ஆக்கள் கதைக்கிற மாதிரியே புத்தகத்தில போடலாமா?” போடலாம் மகள் என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒரு கொப்பியில் பெத்தா சொல்கிற கதைகளை எழுதத் தொடங்கினாள். எழுத்துப்பிழைக்குச் சிவப்பு மை அடிக்க யாரும் இல்லாத கொப்பி அது.

கொப்பியில் திரும்பாத வரிகள்

தொலைந்ததா? தொலைந்தது. முதல் வருட முடிவில் கொப்பியைப் புரட்டி, திரும்பி வராத புத்தகங்களுக்குக் கோடு போட்டோம். இரண்டு கை விரல்களுக்குள் அடங்கியது. அதில் சிலவற்றைத் தேடிப் போனேன், கோபத்தோடு இல்லை, எங்கே போயிருக்கும் என்ற ஆவலில். ஒன்று பெரும்போகத்துக்குப் பெற்றாரோடு வாடிக்குப் போன பையனிடம். வாடி என்றால் வயலுக்குள் கட்டிய குடில். அங்கே கிழமைக்கணக்கில் தங்கி, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருப்பார்கள். புத்தகம் கூரைக் கம்பில் ஷொப்பிங் பையில் கட்டித் தொங்கியது. அவன் முடித்து, அவனுடைய மாமா வாசித்துக்கொண்டிருந்தார். மாமா பள்ளிக்கூடம் விட்டது தரம் 7இல். இன்னொன்று கல்யாண வீட்டுக்குப் போய், எழுவான்கரையில் ஒரு மச்சாளிடம் தங்கிவிட்டது. அவள் வகுப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தம்பி கிழித்துக் கப்பல் விட்டான். மற்றவை எங்கே என்று இன்றைக்கும் தெரியாது. கணக்கெடுக்கிறவர் பார்த்தால் அத்தனையும் இழப்பு. என் கண்ணுக்கு அதில் பாதி, அந்த வருடத்தின் மிக நல்ல இரவல்கள்.

வாடிக்குப் போகிற பிள்ளைகளுக்காகப் பிறகு ஓர் ஒழுங்கு வைத்தோம். போகம் முடிந்து தந்தால் போதும், இரண்டு புத்தகம், ஒரு ஷொப்பிங் பை. பொதுநூலகத்தின் பதினான்கு நாள் தவணை அலுவலகக் கலண்டருக்குப் பொருந்தும். வயலின் கலண்டர் வேறு.

பெற்றாருக்கு இன்னொரு பயம். ஒரு தாய் நேராகவே கேட்டார், “கதைப் புத்தகம் வாசிச்சாச் சோதினை பாஸாகுமா?” நியாயமான கேள்வி, ஏனென்றால் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலிருந்து உயர்தரம் வரைக்கும் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையே சோதினைதான். அவருக்கு நான் பீசா (PISA) என்ற, பல நாட்டு மாணவரின் திறனை ஒப்பிடும் ஆய்வைச் சொன்னேன். 2000இல் 32 நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதித்தார்கள். இலங்கை அதில் இல்லை. சராசரி 500 புள்ளி. பெற்றார் தாழ்ந்த நிலைத் தொழிலில் இருந்தும் நிறைய ஆசையாக வாசிக்கிற பிள்ளைகள் 540 எடுத்தார்கள். பெற்றார் உயர்ந்த தொழிலில் இருந்தும் வாசிப்பில் நாட்டமில்லாத பிள்ளைகள் 491. “அப்ப காசுக்காரப் புள்ளயவிட எண்ட புள்ள கூட எடுக்குமா?” என்றார். எடுக்கலாம், ஆனால் அதற்காக மட்டும் வாசிக்க வைக்காதீர்கள் என்றேன். அதை அவர் எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. மகளை அனுப்பினார்.

ஃபோன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று படித்தவர்களே கேட்கிறார்கள். ஃபோனுக்கு நான் எதிரி இல்லை. 2005இலிருந்து இயங்குகிற ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள் ஏராளம், ஒரு சதம் கேட்காமல். உயர்தர மாணவன் ஒருவன் தன் ஊர்க் கோயில் பற்றிய ஒப்படைக்கு அங்கிருந்துதான் பழைய நூல் ஒன்றைப் பிடித்தான். ஆனால் ஸ்கேன் செய்த பக்கத்தை உள்ளங்கையளவு திரையில் தள்ளித் தள்ளி வாசிக்க, டேட்டா முடிந்துவிடும். அந்த ஃபோனும் அவனுடையது இல்லை, அண்ணனுடையது. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் புத்தகம் கையில் பிடிக்கிற புத்தகமாக இருக்கட்டும் என்பது என் பிடிவாதம்.

இப்போது

2025 தொடக்கத்தில் ஒருநாள் அலுமாரி டீச்சர் பாலர் பாடசாலைக்கு வந்தார். தட்டுகளைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், கோடு போட்ட வரிகளில் விரலை வைத்து, “இதுகளுக்கு ஆரு கட்டின?” என்றார். யாரும் கட்டவில்லை, போய்விட்டது என்று எழுதிவிட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு நடந்ததை அவர்தான் நடத்தினார். அதிபரோடு கதைத்து, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் விசயத்தை வைத்தார். தொலைகிற புத்தகத்துக்குச் சங்கம் பொறுப்பு, டீச்சர் இல்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்து வைத்தவர்களில் பெத்தாவும் ஒருவர். “இது எல்லாரும் சேர்ந்து வெக்கிறது, வெப்பன்” என்றாராம். அலுமாரி இப்போது கிழமைக்கு இரண்டு நாள் திறக்கிறது. மட்கியதை ஒதுக்கி, மிச்சத்தை வெயிலில் காயவைத்து அடுக்கிய அன்று, திகதிச் சீட்டில் முதல் முத்திரையை ஒரு தரம் 6 பையன் தானே அடித்தான். கொஞ்சம் சரிந்து விழுந்தது.

பொதுநூலகத்தின் பிணை விதி அப்படியே இருக்கிறது. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்து 2025 மே தேர்தல்வரை உறுப்பினர்கள் இல்லாமல் இருந்ததால் முறையிட ஆளும் இருக்கவில்லை. புதிய சபை வந்ததும் கடிதம் கொடுத்தோம்: பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதிபரின் ஒரு கடிதம் போதும் என்று மாற்றுங்கள், பாடசாலைகளுக்குத் தவணைக்கொரு முறை ஒரு பெட்டி புத்தகம் இரவல் அனுப்புங்கள். சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை சிறுவர் நூல்களின் உற்பத்தியையும் பரம்பலையும் ஊக்குவிக்கச் சொல்கிறது, இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிசெய்த நாடு என்பதையும் எழுதினோம். பதில் வரவில்லை. மறுபடி போவோம்.

எங்களால் முடியாததும் ஒன்று உண்டு. பெரிய பையன்கள் வருவதில்லை. சாதாரண தரம் எழுதிவிட்டு மேசன் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவர்கள், பதினேழு பதினெட்டு வயது. எங்கள் தட்டில் அவர்களுக்கு ஏதும் இல்லை. ஒரே ஒருவன் வந்தான், கையெல்லாம் ஒயில்.

“அக்கா, தண்ணி இறைக்கிற மெசினப் பிரிச்சுப் பூட்டப் படம் போட்ட புத்தகம் ஏதும் இரிக்கா? தமிழில.”

மட்டக்களப்பில் கடை கடையாகக் கேட்டேன், கொழும்புக்கும் ஃபோன் போட்டேன். கிடைத்த ஒன்றிரண்டும் கல்லூரிப் பாடநூல்கள், படமே இல்லை. அவன் இரண்டு ஞாயிறு வந்து கேட்டான். மூன்றாம் ஞாயிறு வரவில்லை. வேண்டிய புத்தகத்தின் பெயரை எழுதிப் போடும் தகர டப்பா ஒன்று தட்டில் இருக்கிறது. அதற்குள் அவனுடைய சீட்டு, ஒயில் படிந்தபடி, மற்றச் சீட்டுகளோடு இருக்கிறது. பம்ப் திருத்துகிற கடைக்காரர் ஒருவர் தான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். படம் கீற நினைவு மலர்ப் பிள்ளை வருகிறேன் என்றாள். அடுத்த ஞாயிறு அறநெறி முடிய, கொப்பியோடு இரண்டு பேரும் அங்கே போகிறோம்.